சுவரில் காது வைத்து: வார்சாவில் ஐந்து நாள்

முதல் நாள் – ஆகஸ்ட் 1, வெள்ளி

தங்கை மகன் போலந்தின் தலைநகர் வார்சாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "வாங்க பெரியம்மா, வாங்க பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எப்போது வரட்டும் என்று கேட்டதற்கு, "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி இங்க இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க. மத்ததை வந்து பாருங்க" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் நாலரை மணிக்கு ஊர் நடுவில் இருக்கும் த்மோவ்ஸ்கி ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போனான். நாலு பக்கமும் ட்ராமும் பஸ்ஸும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற இடம். நடைபாதை கொள்ளாமல் ஜனம் நின்றது. நிறையப் பேர் வலது கையில் வெள்ளை-சிவப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டே வந்தவர்கள், சைக்கிளைப் பிடித்தபடி நின்ற பையன்கள். யாரும் எதற்கும் முண்டியடிக்கவில்லை.

சரியாக ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. ஒரு சங்கு இல்லை, நகரம் முழுக்க இருக்கிற எல்லாச் சங்கும். ஓடிக்கொண்டிருந்த ட்ராம் அப்படியே நின்றது. கார்கள் நின்றன. எனக்கு எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கிவந்து, தன் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார். ஐம்பது வயது இருக்கும். முகத்தில் எதுவும் தெரியவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது. யாரோ சிவப்புப் புகைத் தீவட்டிகளைக் கொளுத்தினார்கள். அந்தப் புகைக்குள் சங்குச் சத்தம் மட்டும். ஒரு நிமிஷம். அப்புறம் டிரைவர் ஏறிக்கொண்டார், பஸ் கிளம்பியது.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்போது எனக்கு இந்த வரலாறு பாதிகூடத் தெரியாது.

1944 ஆகஸ்ட் 1, மாலை 5 மணி. ஐந்து வருஷமாக நாஜி ஜெர்மனியின் பிடியில் கிடந்த வார்சாவில், தலைமறைவாக இயங்கிவந்த 'ஆர்மியா கிரயோவா' என்னும் உள்நாட்டுப் படை ஒரே நேரத்தில் எழுந்தது. அந்த நேரத்துக்கு அவர்கள் வைத்த சங்கேதப் பெயர் W. இன்றைக்கும் இங்கே அதை 'கொஜினா வு', வு மணி என்றுதான் சொல்கிறார்கள். சோவியத் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெருங்கிவிட்டது, சில நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் 63 நாள் இழுத்தது. முதல் நாள் பத்தில் ஒருவரிடம்தான் உருப்படியான ஆயுதம் இருந்தது. கடைசியில் போராளிகள் 16,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பொதுமக்கள் 1,50,000 முதல் 2,00,000 வரை.

ராத்திரி பில்சுட்ஸ்கி சதுக்கத்தில் பாட்டு. கச்சேரி என்று நினைத்துப் போனேன். மேடையில் இருப்பவர்கள் தொடங்கிவைக்கிறார்கள், அவ்வளவுதான், பாடுவது கூட்டம். எழுச்சி நாள்களில் பாடிய பாட்டுகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஒவ்வொரு வரியாக ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே பாடினார், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. நகக்கண்ணில் மண் இருந்தது. தோட்ட வேலை செய்துவிட்டு வந்திருப்பார் போல. எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆனாலும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நானும் முணுமுணுத்தேன்.

இரண்டாம் நாள் – ஆகஸ்ட் 2, சனி

வார்சா எழுச்சி அருங்காட்சியகம். வோலா பகுதியில், க்ஷிபோவ்ஸ்கா தெரு முனையில், ஒரு பழைய செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் ட்ராம்களுக்கு மின்சாரம் எடுத்த நிலையம். உச்சியில் நிற்கும் கோபுரத்தில் P எழுத்தும் W எழுத்தும் நங்கூரம் போலப் பின்னிய சின்னம். 'கொட்விட்சா' என்கிறார்கள், நங்கூரம் என்றே அர்த்தம். 'போரிடும் போலந்து' என்பதன் முதலெழுத்துகள் அவை. ஆனா ஸ்மொலெய்ன்ஸ்கா என்ற இளம்பெண் 1942இல் வரைந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சுவரில் இதைக் கிறுக்குவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

நல்ல கூட்டம். வரிசையில் நின்றுதான் உள்ளே போனோம்.

நுழைந்ததும் சுவரில் பழைய கறுப்புத் தொலைபேசிகள். எடுத்துக் காதில் வைத்தால், எழுச்சியில் இருந்தவர்களின் குரல். நானும் தங்கை மகனும் ஒரே ரிசீவருக்கு ஆளுக்கொரு காது கொடுத்துக்கொண்டு நின்றோம். அவன் கேட்டுக் கேட்டுத் தமிழில் முணுமுணுக்க, எனக்கு அந்தக் குரலும் அவன் தமிழும் கலந்து கலந்து வந்தது. ஒரு கிழவியின் குரல். நடுவில் மூச்சு வாங்குகிறது. நடுவில் சிரிக்கிறது. எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது. பீரங்கியைப் பார்ப்பதற்கு முன்னால், வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு தேதியைப் படிப்பதற்கு முன்னால், முதலில் இந்தக் குரல். இதை இப்படி அமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். இந்த அருங்காட்சியகம் எதனால் ஆனது என்பதை அந்தத் தொலைபேசியே சொல்லிவிடுகிறது.

அதைத் தாண்டினால் கட்டடத்தின் நடுவே, கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை எழும் ஒரு இரும்புச் சுவர். துப்பாக்கிக் குண்டு பாய்ந்த மாதிரி துளைகள். உள்ளிருந்து இதயத் துடிப்பு. கட்டடத்தில் எங்கே நின்றாலும் லப்-டப் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் காதை வைக்க வேண்டும். ஒன்றில் ஜெபம். ஒன்றில் பாட்டு. ஒன்றில் வெடிச்சத்தம். ஒன்றில் வானொலி அறிவிப்பு. எழுச்சியின் வானொலிக்கு 'மின்னல்' என்று பொருள்படும் 'ப்லிஸ்கவிட்சா' என்று பெயர், ஆகஸ்ட் 8இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு ஆறு வயதுப் பெண்குழந்தை எக்கி எக்கி நின்று, எட்டாத துளையில் காது வைக்க முயன்றுகொண்டிருந்தாள். அப்பா தூக்கிப்பிடித்தார். என்ன கேட்டதோ, கேட்டதும் சட்டென்று அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவரில் தினமும் ஒரு தாள் கிழிப்போமே, அந்த மாதிரி. எழுச்சியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள், அந்த நாளில் என்ன நடந்தது என்ற குறிப்போடு, கூடம் முழுக்க அங்கங்கே தொங்குகிறது. நாமே கிழித்து எடுத்துக்கொள்ளலாம். நான் ஒன்றுவிடாமல் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். மத்தியானத்துக்குள் பாதிகூடத் தேறவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிட்டேன்.

எங்கே நின்றேன் என்று கேட்டால், சின்னச் சின்ன விஷயங்களில்தான். சாரணர் தபால் என்று ஒன்று. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள், சண்டை நடக்கும் தெருக்களுக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடிதத்தில் 25 வார்த்தைக்கு மேல் கூடாது. கட்டணம் கிடையாது, முடிந்தவர்கள் புத்தகமோ காயக்கட்டுத் துணியோ கொடுக்கலாம். நான் அங்கேயே மனதுக்குள் எழுதிப்பார்த்தேன். "நான் உயிரோடு இருக்கிறேன், அம்மா எங்கே, வீடு போய்விட்டது, இன்ன தெருவில் இருக்கிறேன்" என்று சொல்வதற்குள்ளேயே பாதி வார்த்தை தீர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு கல்யாணப் போட்டோ. ஆகஸ்ட் 13இல் நடந்தது. மாப்பிள்ளையின் கை கட்டுப்போட்டுத் தூளியில் தொங்குகிறது. எடுத்தவர் யூகெனியுஸ் லொகாய்ஸ்கி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்தவர். எழுச்சியில் 'ப்ரோக்' என்ற புனைபெயரில் படமெடுத்தார். செப்டம்பர் 25இல் குண்டு விழுந்து சரிந்த கட்டடத்தில் மாண்டார். படங்கள் இருக்கின்றன. அவர் இல்லை.

பிறகு கஞ்சி. எழுச்சியில் இருந்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கஞ்சிதான். ஆகஸ்ட் கடைசியில் ஊரில் சாப்பாடு தீர்ந்தது. வோலா பக்கம் ஹாபர்புஷ்-ஷீலே என்ற பீர் ஆலையின் கிடங்கில் மூட்டை மூட்டையாகப் பார்லி இருந்தது. குண்டு விழுகிற பாதையில் ஆள்கள் வரிசையாகப் போய் முதுகில் சுமந்துவந்தார்கள். உமி நீக்க வழியில்லை. வீட்டில் காபிக்கொட்டை அரைக்கிற கைமிஷினில் போட்டுச் சுற்றி, அப்படியே காய்ச்சினார்கள். ஒவ்வொரு வாய்க்கும் உமியைத் துப்பிக்கொண்டே சாப்பிட வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளூய்க்கா'. துப்புக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். உமி தொண்டையில் குத்துவது எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படைத் தலைவர்களின் தந்தி எல்லாம் ஆவணக் காப்பகத்தில் எப்படியும் இருந்திருக்கும். அந்த உமி தொண்டையில் குத்தியது மட்டும், குத்தப்பட்டவர் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் எந்தக் காகிதத்திலும் இருந்திருக்காது.

மாலையில் பசியோடு வெளியே வந்தோம். "பக்கத்துல நடந்தே போகலாம் பெரியம்மா" என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனான். அடுக்குமாடிகள், உணவகங்கள், மர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் இளைஞர் கூட்டம். பெயர்ப்பலகையைக் காட்டி, "ப்ரொவாரி வர்ஷாவ்ஸ்கியே, வார்சா பீர் ஆலைகள்" என்றான். அதே ஆலை. அதே இடம். பழைய நிலவறைகளை இடிக்காமல் வைத்துக்கொண்டு மேலே புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். அவன் முன்னமே தெரிந்துதான் கூட்டிவந்திருக்கிறான். "ரெண்டு வருஷமா இங்க சாப்பிட்டிருக்கேன். மொதத் தடவை மியூசியம் போயிட்டு வந்த அன்னிக்குதான் தெரியும்" என்றான். அங்கே என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மூன்றாம் நாள் – ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய நகரம். அழகு. மஞ்சளும் காவியுமாக வீடுகள், கல் பாவிய சதுக்கம், ஐஸ்கிரீம் கடைகள். இதில் ஏறக்குறைய எல்லாமே 1945க்குப் பிறகு கட்டியது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் மனசு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்லொட்டோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த படங்களையும் பழைய கட்டட வரைபடங்களையும் வைத்துக்கொண்டு கல் கல்லாக மீட்டுக் கட்டினார்கள். 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பழமைக்காக இல்லை, மீட்டுக் கட்டியதற்காக.

கோட்டைச் சுவரோரம் 'சின்னப் போராளி' சிலை. தலைக்குப் பொருந்தாத பெரிய ஹெல்மெட், காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ், கையில் துப்பாக்கி. 1983இல் வைத்தது. காலடியில் பூ. பள்ளிப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிலை பிடிக்கவில்லை. பிள்ளைகளின் தைரியத்தில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. தபால் கொண்டுபோனவர்களை நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்து வெண்கலத்தில் நிறுத்தினால், அது பெரியவர்கள் தலைகுனிய வேண்டிய விஷயம் என்பது மறைந்துபோகிறது. சாரணர் அமைப்பு சின்னப் பிள்ளைகளைப் பெரும்பாலும் தபால், செய்தி, உதவி வேலைகளில்தான் வைத்திருந்தது. தோளில் தபால் பையோடு அந்தப் பையனை நிறுத்தியிருக்கலாம். இந்தச் சிலை வேண்டுமா என்று இங்கேயும் சிலர் கேட்பதுண்டு என்று தங்கை மகன் சொன்னான்.

அங்கிருந்து கிரசின்ஸ்கி சதுக்கம். எழுச்சியின் பெரிய நினைவுச் சின்னம் இங்கேதான். வெண்கல ஆள்கள் ஒரு பக்கம் இடிபாட்டிலிருந்து ஓடிவருகிறார்கள். இன்னொரு பக்கம் சாக்கடைத் துளைக்குள் இறங்குகிறார்கள். திறந்துவைத்த தேதியைப் பாருங்கள்: 1989 ஆகஸ்ட் 1. நாற்பத்தைந்து வருஷம் கழித்து.

சாக்கடை என்றால் நிஜமான சாக்கடைதான். பழைய நகரம் விழப்போகிறது என்று தெரிந்ததும், செப்டம்பர் 1, 2 தேதிகளில் சுமார் 5,300 பேர் இந்தப் பக்கத்துக் குழியில் இறங்கி, தரைக்கடியில் சுமார் 1.7 கிலோமீட்டர் போய் வரெட்ஸ்கா தெருவில் ஏறினார்கள். மேலே ஜெர்மானியர்கள். சத்தம் போடக்கூடாது, வெளிச்சம் கூடாது. முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டே நாலு மணி நேரத்துக்கு மேல். காயம்பட்டவர்களில் நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிகளில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஜெர்மன் படை அவர்களை விட்டுவைக்கவில்லை.

அந்தச் சாக்கடை மூடி இன்றும் தெருவில் இருக்கிறது. நான் அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப்போனேன். எதிரே வந்த ஒரு பெண்ணும் அப்படியே சுற்றிப்போனார்.

நான்காம் நாள் – ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி அருங்காட்சியகம். நாளைக்குச் செவ்வாய், விடுமுறை. விட்டுப்போன காலண்டர் தாள்கள் இருக்கின்றன. தங்கை மகனுக்கு வேலை; தனியாகப் போனேன்.

இன்று முதலில் மாதிரிச் சாக்கடைக்குள் நுழைந்தேன். நாற்றமும் தண்ணீரும் இல்லை, கொஞ்ச தூரம்தான். இருந்தும் குனிந்து போக வேண்டியிருக்கிறது. பாதியில் முன்னால் போனவர் நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் நெருக்க, அரை நிமிஷம் எனக்கு மூச்சடைத்தது. வெளியே வந்தால் தலைக்குமேல் ஒரு முழு விமானம் தொங்குகிறது. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் நிஜ அளவு மாதிரி. இத்தாலியின் பிரிந்திசியிலிருந்து போலந்து, பிரிட்டன், தென்னாப்பிரிக்க விமானிகள் ராத்திரி ராத்திரியாகப் பறந்துவந்து ஆயுதமும் மருந்தும் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் நிறைய. போட்டதில் பாதி ஜெர்மானியர் கையில் விழுந்தது. இத்தனைக்கும் சோவியத் விமானதளங்கள் மிக அருகில் இருந்தன. செப்டம்பர் நடுப்பகுதி வரை நேச நாட்டு விமானங்கள் அங்கே இறங்க ஸ்டாலின் அனுமதி தரவில்லை.

'இடிபாடுகளின் நகரம்' என்று ஒரு முப்பரிமாணப் படம் காட்டுகிறார்கள். ஐந்து நிமிஷம். பேச்சு இல்லை. 1945இல் வார்சாவின் மேல் விமானத்தில் பறந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது. அக்டோபர் 2இல் சரணடைந்த பிறகு ஊர் ஜனத்தை மொத்தமாக வெளியேற்றி, ஆளில்லா நகரத்தைத் தெருத் தெருவாகக் கொளுத்தி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். நூலகங்களையும் விடவில்லை. நேற்று நான் ஐஸ்கிரீம் வாங்கித் தின்ற சதுக்கம் அந்தப் படத்தில் வெறும் செங்கல் குவியல். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இப்படி எழுந்திருக்கலாமா என்ற கேள்வி இந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை. ஜூலை 31 மாலையில், ஆற்றுக்கு அக்கரையில் சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன என்று நகரப் படைத் தலைவர் 'மொந்தெர்' கொண்டுவந்த செய்தியை நம்பித்தான் தளபதி பூர்-கொமொரோவ்ஸ்கி மறுநாளைக்கு உத்தரவு போட்டார். இத்தாலியில் போலந்துப் படையை நடத்திக்கொண்டிருந்த ஜெனரல் ஆண்டர்ஸ் இந்த முடிவை அப்போதே கடுமையாக எதிர்த்தார். இந்த வாதத்துக்கு இத்தனை பெரிய கட்டடத்தில் இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். போராடியவர்களை மதிக்கிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தத்தையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். குண்டுச் சத்தத்தோடேயே எல்லாவற்றையும் பார்க்கும்போது, சண்டை போடாமல் நிலவறையில் உட்கார்ந்தே செத்த ஜனங்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் இங்கே செய்திருக்கிற ஒரு காரியத்துக்காக மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். வாய்மொழி வரலாற்றுக் காப்பகம். எழுச்சியில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் போய், உட்காரவைத்துப் பேசவிட்டு, 3,500க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். இணையத்திலும் கிடைக்கிறது. பிறந்த தெரு, பள்ளிக்கூடம், அம்மா என்ன சமைப்பாள் என்பதிலிருந்து தொடங்கி, போர், சிறை, பிற்கால வாழ்க்கை வரை.

இதன் அருமை புரிய வேண்டுமானால், இவர்கள் எத்தனை காலம் வாய் மூடி இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு உள்நாட்டுப் படை என்றால் எதிரி. நாட்டைவிட்டுப் போய் லண்டனில் இருந்த பழைய போலந்து அரசுக்கு விசுவாசமானவர்கள் என்று சிறை, சித்திரவதை, தூக்கு. வேண்டுமென்றே கைதாகி நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குள் போய், தப்பித்து வந்து, எழுச்சியிலும் போராடிய வித்தோல்ட் பிலெட்ஸ்கியை 1948 மே மாதம் இதே வார்சாவில் சுட்டுக் கொன்றார்கள். ஜெனரல் ஃபீல்டோர்ஃப் 'நீல்' 1953இல் தூக்கிலிடப்பட்டார். பிழைத்தவர்கள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பள்ளியில் உளறிவிடும். ஒவ்வொரு ஆகஸ்ட் 1இலும் பொவோன்ஸ்கி ராணுவக் கல்லறையில் கூடி விளக்கு வைப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆட்சி மாறியது 1989இல். இந்த அருங்காட்சியகம் வர 2004 ஜூலை 31 ஆனது, அறுபதாவது ஆண்டுக்கு முந்தின நாள். அன்றைய மேயர் லெஹ் கச்சின்ஸ்கி முனைந்து நின்று முடித்தார். இருபது வயதில் போராடியவர்களுக்கு அப்போது எண்பது. இன்னும் ஒரு பத்து வருஷம் தள்ளிப்போயிருந்தால்? நான் முந்தாநாள் கேட்ட அந்தக் கிழவியின் மூச்சு வாங்கலும் சிரிப்பும் கிடைத்திருக்குமா? இப்போது மிச்சம் இருப்பவர்கள் வெகு சிலர், ஏறக்குறைய நூறு வயதை எட்டியவர்கள்.

வெளியே சுதந்திரப் பூங்காவில் நினைவுச் சுவர். 156 மீட்டர் நீளம், கருங்கல்லில் 10,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பெயரோடு புனைபெயரும். கைதானால் குடும்பம் சிக்காமலிருக்க வைத்துக்கொண்டவை. இதிலும் எனக்கு மனசு நின்றது: பக்கத்தில் நின்று சுட்ட தோழனுக்கே அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். சுவரின் நடுவே 'மொந்தெர்' பெயரில் ஒரு மணி. ஒரு கிழவரும் பேரனும் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். பையன் கண்டுபிடித்ததும் தாத்தா கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த எழுத்துகளின் மேல் வைத்தான். தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது போல. விரலாலேயே படித்தார்.

ஐந்தாம் நாள் – ஆகஸ்ட் 5, செவ்வாய்

ராத்திரி விமானம். தங்கை மகன் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். "இன்னிக்குத் தேதி அஞ்சு. வோல்ஸ்கா தெருவுக்குப் போயிட்டுப் போகலாம் பெரியம்மா."

அவன் குடியிருப்பது வோலாவில்தான். 1944 ஆகஸ்ட் 5இலிருந்து சில நாளுக்குள் இந்த ஒரு பகுதியில் ஜெர்மன் படையினர் 40,000 முதல் 50,000 பேரைக் கொன்றார்கள். சண்டையில் இல்லை. வீடு வீடாகப் புகுந்து, வெளியே இழுத்து, ஆலைகளின் முற்றங்களில் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டு, பிணங்களை எரித்தார்கள். வோல்ஸ்கா தெருவில் நடந்தால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல்பலகை. எல்லாம் ஒரே வடிவம். கரோல் த்ஹோரெக் என்ற சிற்பி வடிவமைத்தது. நடுவில் சிலுவை. இந்த இடத்தில் இந்தத் தேதியில் இத்தனை பேர் என்று கீழே எழுதியிருக்கிறது. அவன் தினமும் ஏறுகிற பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே ஒன்று. "மொதல்ல ஏதோ சர்ச் போர்டுன்னு நெனச்சேன்" என்றான்.

55ஆம் எண்ணில் அப்போது உர்சுஸ் ஆலை. வாண்டா லுரி என்ற பெண்ணை அங்கே கொண்டுபோனார்கள். நிறைமாதக் கர்ப்பிணி. கூட மூன்று பிள்ளைகள். அவர் கண் முன்னாலேயே மூன்று பிள்ளைகளையும் சுட்டார்கள். அவரையும் சுட்டார்கள். சாகவில்லை. பிணங்களுக்கு அடியில் கிடந்து, பிறகு ஊர்ந்து வெளியே வந்தார். ஆகஸ்ட் 20இல் ஆண்குழந்தை பிறந்தது, உயிரோடு. போர் முடிந்ததும் இத்தனையையும் விசாரணையில் வாக்குமூலமாகச் சொன்னார். அவர் துப்பாக்கி தூக்கியவர் இல்லை. ஆனால் நான்கு நாளாக நான் கேட்ட, படித்த எல்லாச் சாட்சியங்களிலும் இவருடையதுதான் என்னோடு ஊருக்கு வரப்போகிறது.

இந்தக் கொலைகளுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவன் நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்எஸ்ஸின் தளபதி ஹைன்ஸ் ரைனஃபார்த். போருக்குப் பின் போலந்து கேட்டும் ஒப்படைக்கவில்லை. 1951இல் ஜெர்மனியின் சில்ட் தீவில் வெஸ்டர்லாந்து ஊருக்கு மேயரானான். பிறகு மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். வக்கீல் தொழில் பார்த்தான். ஒருநாள்கூடத் தண்டனை இல்லாமல் 1979இல் வீட்டில் செத்தான். வெஸ்டர்லாந்து நகர்மன்றச் சுவரில் இதைச் சொல்லும் பலகை 2014இல்தான் வந்தது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

வோல்ஸ்கா தெருக்கடைசியில் எழுச்சியாளர் கல்லறை. இங்கே எரித்தவர்களின் சாம்பலை 1946இல் கொண்டுவந்து புதைத்தார்கள். 12 டன் சாம்பல். வாசலில் கண்ணாடிக் கூண்டு விளக்கு விற்கிறார்கள். இரண்டு வாங்கினோம். முன்னமே நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. நான் பையிலிருந்து காலண்டர் கட்டை எடுத்து ஆகஸ்ட் 5 தாளைத் தேடிக் கொடுத்தேன். அவன் நின்றபடியே எனக்காக மெதுவாகத் தமிழாக்கிப் படித்தான். அன்றைக்கு இங்கே இது நடந்துகொண்டிருந்தபோது, கொஞ்சம் தள்ளி கெய்ன்ஷுவ்கா முகாமை எழுச்சிப் படையின் ஒரு பிரிவு தாக்கிப் பிடித்து 348 யூதக் கைதிகளை விடுவித்தது. அதுவும் ஆகஸ்ட் 5தான். நாஜிகள் அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில் யூதர்கள் தனியாக எழுந்து நின்ற கெட்டோ எழுச்சி அதற்கு முந்தின வருஷம், 1943 ஏப்ரலில். இரண்டையும் வெளியூர்க்காரர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். விடுபட்டவர்களில் பலர் கூடவே சேர்ந்து போராடி இறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். செப்டம்பர் 12 இல்லை. தரையில், பைக்குள், கைப்பையின் ஓரத்தில் எல்லாம் தேடினோம். நான் எடுக்காமலே விட்டிருக்கிறேன்.

"அடுத்த திங்கக்கிழமை போய் எடுத்து அனுப்பறேன் பெரியம்மா" என்றான்.